துத்திப்பட்டுக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே

ஜூலை 25, 2023, செவ்வாய். புதுச்சேரி

ஆகஸ்ட் 3 முதல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி. முதல் நாளே மலேசியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆட்டம். அதைப் பார்க்கத்தான் மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து கிளம்பினேன். விடுமுறை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதே சமயம் புதுச்சேரியில் தியோதர் கோப்பை கிரிக்கெட் நடப்பது தெரிந்ததும், சரி, ஒரு வாரம் முன்னாலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

தியோதர் கோப்பை 2019க்குப் பிறகு நடக்கவே இல்லை. இந்த ஆண்டுதான் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், அதுவும் எல்லா ஆட்டங்களும் இங்கேயே. ஆறு மண்டல அணிகள், 50 ஓவர், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம். இந்திய அணியில் இடம் இழந்தவர்கள், இன்னும் கிடைக்காதவர்கள், நாளைக்குக் கிடைக்கப் போகிறவர்கள் எல்லாரையும் கூச்சல் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு ஐபிஎல்லைவிட இதுதான் ருசி. இதைச் சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

விடுதி வரவேற்பில் இருந்த பையன் முதலில் தமிழில் பேசினான். சிவப்பு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டான். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் இணையத்தில் ஏற்றியாக வேண்டும் என்று பாஸ்போர்ட், விசா, முகம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டான். சென்னையில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். அது மனைவியின் உத்தரவு. கிரிக்கெட் பார்க்கப் போகிறவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை.

ஜூலை 26, புதன். துத்திப்பட்டு

மைதானம் ஊருக்கு வெளியே, சேதராப்பட்டு பக்கம் துத்திப்பட்டில் இருக்கிறது. ஆட்டோக்காரர் "மேட்ச்சா? இன்னா மேட்ச்சு?" என்றுதான் கேட்டார். புதுச்சேரி ரஞ்சிக் கோப்பைக்குள் வந்ததே 2018-19 பருவத்தில்தான் என்றாலும், இடத்தை நன்றாக வைத்திருக்கிறார்கள். பச்சையாக, காற்றோட்டமாக இருக்கிறது.

இன்று தெற்கு மண்டலமும் மேற்கு மண்டலமும். பந்து வருவதும் எழும்புவதும் ஒரு மாதிரியாக இருந்த ஆடுகளத்தில் மயங்க் அகர்வால் நின்று 98 அடித்தார். சதம் போனதே என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது, அவர் சாதாரணமாக நடந்து போனார். தெற்கு 12 ரன்னில் ஜெயித்தது. கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சிப் பள்ளிப் பையன்கள், வேலை முடிந்து எட்டிப் பார்த்த சிலர், நான்.

கடைசி ஓவர்களின்போது பக்கத்தில் இருந்த ஒருவர் கைபேசியை நீட்டி, "இதப் பாருங்க சார், வயிறு பத்துது" என்றார். பச்சை வயலுக்குள் பெரிய பெரிய இயந்திரங்கள் இறங்கி மண்ணை வாரிக்கொண்டிருந்தன. நெற்பயிர் நின்ற வயல். கடலூர் மாவட்டம், சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனம் தன் இரண்டாவது சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டுகிறது என்றார். நிலம் அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டதுதான், ஆனால் உழவர்கள் அதில் பயிர் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். விளக்கிச் சொன்னவர் ஆட்டத்தைப் பார்ப்பதை அதோடு விட்டுவிட்டார்.

இரவு அஜந்தா சிக்னல் பக்கம் டீக்கடையில் நின்றபோது, கடலூர் மாவட்டத்தில் பேருந்துகள் மீது கல் விழுந்ததாகவும் ராத்திரி வண்டிகளை நிறுத்திவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். நாளை ஆட்டம் இல்லாத நாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, அப்படியே வடலூர் சத்திய ஞான சபைக்கும் போய்வருவதாக இருக்கிறேன்.

படுக்கப் போகும்போது ஊரிலிருந்து ஒரு செய்தி. கிள்ளான் பண்டமாரானில் எங்கள் பாயுமாஸ் மைதானத்தில் இன்றைக்கு மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்திருக்கிறார். ஏழும் போல்டு. ஆண்கள் சர்வதேச டி20யில் ஏழு விக்கெட் இதுவே முதல் முறை. சீனா 23க்கு ஆல் அவுட். உலகச் சாதனை என் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது, நான் இங்கே கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 27, வியாழன். கடலூர்

காலையில் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டியில் ஏறினேன். நடத்துநரிடம் "வடலூர் போக வண்டி இருக்குமா?" என்றேன். "கடலூர் வரைக்கும் நான் சொல்றேன். அதுக்கு மேல அங்க கேட்டுக்கோங்க" என்றார். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், முள்ளோடை. எல்லை தாண்டியதும் தென்பெண்ணைப் பக்கம் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடி. இங்கே வழக்கமாகப் புதுச்சேரிச் சரக்கைத்தான் தேடுவார்களாம். இன்று போலீஸ்காரர்கள் வண்டிக்குள் ஏறிப் பையைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

கடலூர் பேருந்து நிலையத்தில் முன்கண்ணாடி சிலந்தி வலைபோல விரிசல் விட்ட ஒரு அரசுப் பேருந்து ஓரமாக நின்றது. அதைப் பார்த்தபோதுதான் வடலூர் ஆசை கொஞ்சம் இறங்கியது.

பெரியப்பா என்றால் என் தாத்தாவுடைய அண்ணனின் மகன். தாத்தா தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினார், அண்ணன் இங்கேயே இருந்துவிட்டார். பெரியப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ல எந்தப் பக்கம் உட்கார்ந்து வந்த?" ஜன்னல் பக்கம் என்றேன். "இனிமே உள்பக்கம் உட்காரு. முன்னாடியும் வேணாம், கடைசி சீட்டும் வேணாம், நடுவுல. ஜன்னல் ஷட்டர் இருந்தா இறக்கிடு." பெரியம்மா இன்னும் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை.

வடலூர் பேச்சை எடுத்தேன். "வேணாம்" என்றார். விளக்கம் எல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். வடலூரிலிருந்து நெய்வேலி கூப்பிடு தூரம். நாளை வெள்ளிக்கிழமை நெய்வேலியில் பாமக முற்றுகைப் போராட்டம் அறிவித்திருக்கிறது. மார்ச் மாதம் 11ஆம் தேதி இதே பிரச்சினைக்காக மாவட்டம் முழுவதும் கடையடைப்பு நடந்தது, அப்போது நின்றது பயிர் அழியுமே என்ற பயம், இப்போது பயிரே அழிந்துவிட்டது, ஆகவே அன்றுபோல இன்று இருக்காது. இப்படி ஒரு கணக்கு. வள்ளலார் ஊருக்குப் பக்கத்தில் பயிருக்காக மனம் நோவதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மதியம் சங்கரா மீன் குழம்பு. அதைப் பற்றித் தனியாக எழுதலாம், எழுத மாட்டேன், வயிறு நிறைந்த இடத்தில் வார்த்தை குறைந்துவிடுகிறது.

சிப்காட்டில் வேலை செய்யும் தம்பி, பெரியப்பாவின் இளைய மகன், மாலையில் வந்தான். "அண்ணா, வளையமாதேவி வரைக்கும் பைக்ல போயிட்டு வரலாமா? நீ நேர்ல பார்த்தா அங்க மலேசியாவுல எழுதலாம்ல" என்றான். எனக்கும் போக ஆசைதான். நிலத்தை விட்டுக் கப்பல் ஏறியவர்களின் பேரன் நான், அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ஆனால் என்னிடம் இருப்பது சுற்றுலாவுக்கான மின் விசா. கூட்டத்தில் நின்றால் நான் வேடிக்கை பார்க்க வந்தவனா, கலந்துகொள்ள வந்தவனா என்று அங்கே யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பிடித்து வேனில் ஏற்றினால் உள்ளூர்க்காரனைச் சாயங்காலம் ஏதாவது ஒரு மண்டபத்திலிருந்து விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் வேறு நாட்டுப் பெயர் இருப்பவன் கதை வேறு. எங்கள் ஊரிலும் அப்படித்தான். கோலாலம்பூரில் ஒரு பேரணிக்குள் இந்தியச் சுற்றுலாப் பயணி நின்றால் எங்கள் போலீஸ் தட்டிக்கொடுத்தா அனுப்பும்?

இங்கே எல்லாரும் என் பாஷை பேசுகிறார்கள். கடைப் பலகை எல்லாம் படிக்க முடிகிறது. சீனாவிலோ ஜப்பானிலோ மாட்டியிருந்தால் விடுதி அறையை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். இங்கே கால் தானாக நடக்கிறது. தமிழ் தெரிவதால் வெளிநாட்டான் என்ற நினைப்பே வருவதில்லை, வர வேண்டிய நேரத்தில்கூட. தம்பியிடம் இதைச் சொன்னேன். "ஆமால்ல, நீ ஃபாரினர்ல!" என்று சிரித்தான்.

இருட்டிய பிறகு புதுச்சேரி திரும்புவதைப் பெரியப்பா தடுத்துவிட்டார். வண்டி போகும், நடுவில் நின்றால் என்ன செய்வாய் என்றார். இங்கே தங்குவது என்றால் இன்னொரு சிக்கல். விடுதிக்கு மட்டுமல்ல, வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்கும் அந்த 'சி' படிவம் உண்டு. சொந்தக்காரன் என்பதெல்லாம் கணக்கில்லை. பல வெளிநாட்டுத் தமிழர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. சாதாரண நாளில் யாரும் கேட்காமலும் போகலாம். தெருவுக்குத் தெரு போலீஸ் நிற்கும் நாளில் கேட்டால்? தம்பி இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து தட்டினான். வீட்டு விவரம், என் விவரம், வந்த நாள், போகும் நாள். அந்த இணையதளம் மூன்று முறை வெளியே தள்ளியது. "போகும் நாள்" என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டான். நாளை காலை என்றேன். பெரியப்பா நாளன்றைக்குப் போடச் சொன்னார்.

ஜூலை 28, வெள்ளி. கடலூர்

நாளன்றைக்குத்தான்.

காலையில் ஆறு மணிக்கே பையோடு தயாராக இருந்தேன். துத்திப்பட்டில் கிழக்கு மண்டலமும் வடக்கு மண்டலமும் ஆடும் ஆட்டம் எனக்கு வேண்டும். புதுச்சேரி இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். பெரியப்பா என்னைத் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே பேருந்து ஓட்டுநர் ஒருவர் பணிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். அதோடு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆகவே இன்றைய நாள் முழுவதும் ஒரு கூடத்தில் கழிந்தது. தொலைக்காட்சியில் நெய்வேலி, என் கைபேசியில் ஸ்கோர்.

கிழக்கு மண்டலம் 57 ரன்னுக்கு 5 விக்கெட். சரி, பெரிய இழப்பில்லை, ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் ரியான் பராக்கும் குமார் குஷாக்ராவும் சேர்ந்தார்கள். ஒவ்வொரு முறை திரையைப் புதுப்பிக்கும்போதும் ஒரு சிக்ஸ் கூடியிருந்தது. ஆறாவது விக்கெட்டுக்கு 235 ரன். பராக் 102 பந்தில் 131, அதில் 11 சிக்ஸ். குஷாக்ரா 98. நேற்று முன்தினம் மயங்க் 98, இன்று இவர் 98, இந்த ஊருக்கு அந்த எண்ணோடு ஏதோ உறவு. 337 அடித்து, கிழக்கு 88 ரன்னில் ஜெயித்தது. பராக் பந்துவீச்சிலும் நான்கு விக்கெட். இந்தத் தொடரின் மிகச் சிறந்த நாள் இதுவாகத்தான் இருக்கப் போகிறது, நான் அதைச் சின்னச் சின்ன எண்களாகப் பார்த்தேன்.

இடையில் நிமிர்ந்தால் நெய்வேலி. என்.எல்.சி. நுழைவாயில் முன்னால் கூட்டம். பாமக தலைவர் அன்புமணி ராமதாசைக் கைது செய்து வேனில் ஏற்றினார்கள், தொண்டர்கள் வேனை மறித்தார்கள். அதுவரைக்கும் தமிழ்நாட்டில் வழக்கமாக நடக்கிற காட்சிதான். அப்புறம் கல் பறக்க ஆரம்பித்தது. தடியடி, தண்ணீர் பீய்ச்சும் வண்டி, கண்ணீர்ப்புகை. வானத்தை நோக்கிச் சுட்டதாகவும் செய்தி வந்தது. போலீஸ்காரர்கள் பலருக்கு மண்டையில் காயம். பெரியம்மா இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் "அடப்பாவமே" என்றார். போலீஸ்காரர்களும் இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தானே.

இன்றைக்கே சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த விவகாரம் விசாரணைக்கு வந்தபோது, பயிரை அழிக்கும் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாக நீதிபதி தண்டபாணி சொன்னாராம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறார். கீழே ஓடிய எழுத்துகளில் அதைப் படித்துவிட்டுப் பெரியப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். நான் பார்த்த அளவில், கோபம் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தக் கேள்வி போதும். நிலம் யாருடையது என்று தாளைக் காட்டி நிறுவிவிடலாம். நிற்கிற பயிருக்குள் இயந்திரத்தை இறக்கியதற்குத் தாள் போதாது.

மதியத்துக்கு மேல் தெருவில் கடைகள் ஒன்றொன்றாகப் பாதி ஷட்டரை இறக்கின. முழுதாக மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை, கீழே குனிந்து போனால் பால் பாக்கெட் கிடைக்கும். தம்பியின் கம்பெனி வண்டி சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிட்டது. கைபேசியில் வீடியோக்கள் கொட்டின. பேருந்து எரிகிறது என்று ஒன்று வந்தது. தம்பி அதை நிறுத்தி, பேருந்தின் நிறத்தையும் பின்னால் இருந்த கடைப் பலகையையும் பெரிதாக்கிப் பார்த்து, "இது நம்ம ஊரே இல்ல, பலகையில தெலுங்கு" என்றான். அதை அவனுக்கு அனுப்பியவர் அவனுடைய மேலாளர்.

அம்மா கிள்ளானிலிருந்து அழைத்தார். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். யாரோ சொந்தக்காரர் "கடலூரில் துப்பாக்கிச்சூடு" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். நெய்வேலி வேறு, நான் இருக்கும் இடம் வேறு, நடுவில் நாற்பது கிலோமீட்டர் என்று எவ்வளவு சொல்லியும் அம்மாவுக்கு எல்லாம் கடலூர்தான். கடைசியில் பெரியப்பா போனை வாங்கி, "அம்மா, உன் புள்ள வாசல்படி தாண்டல. சாப்டுட்டுத் தூங்குறான். அவ்ளோதான்" என்றார். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் பேசவே விரும்பவில்லை.

தூதரகத்துக்கு அழைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எதற்கு? அவர்கள் சொல்லப் போவதைத்தான் பெரியப்பா நேற்றிலிருந்து சொல்கிறார்: கூட்டத்தை விட்டு விலகி இரு, உள்ளே இரு, இரவில் பயணம் செய்யாதே. இருந்தாலும் இருக்கும் இடத்தையும் மஞ்சக்குப்பம் முகவரியையும் மனைவிக்கு எழுதி அனுப்பினேன். பாஸ்போர்ட்டின் நகலைத் தம்பியின் கைபேசியிலும் போட்டுவைத்தேன். கைபேசியை முழுக்க மின்னேற்றிக்கொண்டேன். கையில் ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும் என்று பெரியம்மா அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நான்கை எடுத்து என் சட்டைப்பையில் திணித்தார். திருப்பிக் கொடுக்க முயன்றால் அடி விழும்.

ஜூலை 29, சனி. கடலூரிலிருந்து புதுச்சேரி

இன்றைக்கு என்னை விடுவிப்பது என்று பெரியப்பா முடிவெடுத்தார், ஆனால் நேரத்தைச் சொல்லவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து விருத்தாசலம் பக்கமிருந்து வண்டி வருகிறதா என்று பார்த்தார். புதுச்சேரி போன வண்டி திரும்பி வரும் வரையும் பொறுத்தார். போனது போதாது, திரும்பி வர வேண்டுமாம்.

அப்புறம் எந்த வண்டி என்ற வாதம். தம்பி தனியார் வண்டி என்றான், கல் பெரும்பாலும் அரசுப் பேருந்துக்குத்தான் விழும் என்பது அவன் தரப்பு. பெரியப்பா புதுச்சேரி அரசின் பி.ஆர்.டி.சி. என்றார், இந்தச் சண்டையோடு சம்பந்தமில்லாத ஊரின் வண்டி. டீக்கடைக்காரர் இருவரையும் பொருட்படுத்தாமல், "முதல்ல எது வருதோ அதுல ஏத்தி விடுங்க" என்றார். தனியார் வண்டி வந்தது. நடு வரிசையில், உள்பக்கம் உட்கார்ந்தேன்.

ஆல்பேட்டை தாண்டி முள்ளோடைக்குள் நுழைந்ததும் மதுக்கடைகள் விளக்குப் போட்டுத் திறந்திருந்தன. வண்டியில் அதுவரை வாயைத் திறக்காத இரண்டு பேர் உற்சாகமாகி இறங்கிப் போனார்கள். விடுதிப் பையன், "சார், எங்க போயிட்டீங்க, போன் பண்ணேனே" என்றான். உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறான், தமிழிலேயே பேசினான்.

ஜூலை 30, ஞாயிறு. துத்திப்பட்டு

தெற்கு மண்டலமும் கிழக்கு மண்டலமும். புதன்கிழமை வீடியோ காட்டியவர் அதே இடத்தில் இருந்தார். "வெள்ளிக்கிழமை வரலியா சார்? பராக் அடிச்ச அடியில பந்தப் பொறுக்கியே பசங்க டயர்டாயிட்டாங்க" என்று தொடங்கி, பதினொரு சிக்ஸையும் எந்தெந்தப் பக்கம் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவருக்கு விருத்தாசலம் பக்கம் சொந்தங்கள் உண்டாம். எல்லாரும் பத்திரம் என்றார். வயல் பத்திரமா என்று நான் கேட்கவில்லை.

பராக்கை நேரில் பார்த்தேன். மட்டையைவிட அவர் பந்து வீசும் விதம் எனக்குப் பிடித்தது. கையை எங்கெங்கோ கொண்டுபோய் வீசுகிறார், மட்டையாளனுக்கு யோசிக்க நேரம் கொடுப்பதில்லை. ஆனாலும் தெற்குதான் ஜெயித்தது. இந்தத் தொடரில் தெற்கு இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, இறுதிக்கு வரும்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 3. அதே நாள்தான் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் மலேசியாவும் பாகிஸ்தானும். இரண்டு நாளாக யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் யோசிக்கவே இல்லை. நாளை காலை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை. பகல் வண்டி, நடு சீட். பெரியப்பாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

தம்பி இரவு அழைத்தான். 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இந்தியா மலேசியா ஆட்டத்துக்கு அவனும் வருகிறானாம், டிக்கெட் எடுத்து வைக்கச் சொன்னான். எந்தப் பக்கம் உட்காருவாய் என்றேன். பின்னாலிருந்து பெரியம்மா, முதலில் மெட்ராஸில் இப்போது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.